403-இல் 168 போனால்: ஆசிரியர் பயிற்சியைப் பிள்ளைகளின் நோட்டிலிருந்து தொடங்குவது

403-இல் 168 போனால் 235. நான்காம் வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால் வரும் தப்பு விடைகளில் இந்த நான்கும் அநேகமாக இருக்கும்: 365, 145, 335, 205. சிவப்பு மையில் நான்குக்கும் ஒரே பெருக்கல் குறிதான் விழும். ஆனால் நான்குக்குப் பின்னாலும் நான்கு விதமான யோசனை இருக்கிறது.

365 எழுதிய பிள்ளை ஒன்று, பத்து, நூறு என்ற ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. 8-இல் 3 போனால் 5, 6-இல் 0 போனால் 6, 4-இல் 1 போனால் 3. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்பதை அது பார்க்கவே இல்லை. 145 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் பூஜ்ஜியம் இருப்பதால் அதைத் தாண்டி நூறுகளிடம் போய் ஒன்று வாங்கி ஒன்றுகளுக்குக் கொடுத்துவிட்டது. பிறகு பத்துகளுக்காக மறுபடி அதே நூறுகளிடம் போயிருக்கிறது. 13-இல் 8 போக 5, 10-இல் 6 போக 4, மிச்சமிருக்கும் 2-இல் 1 போக 1. நூறைச் சில்லறை மாற்றினால் பத்துப் பத்து கிடைக்கும் என்பது அதன் மனதில் இல்லை. 335 எழுதிய பிள்ளை பூஜ்ஜியத்தை 9 ஆக்கியது, 4-ஐ 3 ஆக்க விட்டுவிட்டது. 205 எழுதியது ‘பூஜ்ஜியத்திலிருந்து ஆறு போகாது, அதனால் பூஜ்ஜியம்’ என்று முடிவு கட்டியிருக்கிறது.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் கழித்தல் தப்புகளை இப்படித்தான் பிரித்துக் காட்டினார்கள். பிள்ளைகளின் தப்புகளில் பல கவனக்குறைவால் வருவதில்லை, அவை தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகின்றன என்பது அவர்கள் கண்டது. நம் ஊர்ப் பணியிடைப் பயிற்சிகளில் இந்த நான்கு எண்களை மேசையில் போட்டு, ‘இதில் எந்தப் பிள்ளைக்கு நாளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்?’ என்று கேட்பது அபூர்வம். கேட்டால் அந்த அறையின் சூழலே மாறிவிடும். இருபத்தைந்து வருட அனுபவம் உள்ளவரும் போன ஜூனில் சேர்ந்தவரும் ஒரே தாளைக் குனிந்து பார்ப்பார்கள்.

பயிற்சி ஆசிரியருக்குப் பயன்பட வேண்டுமானால் அதன் மூலப்பொருள் அவருடைய வகுப்புப் பிள்ளைகளின் எழுத்தாக இருக்க வேண்டும், அது போய் முடியும் இடமும் அதே வகுப்பாக இருக்க வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதி எல்லாம் இதை எப்படிச் செய்வது, எங்கே கெட்டுப்போகும் என்ற விவரம்.

செட்டிநாட்டுப் பக்கம் இப்போது நடப்பது என்ன? மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர்களுக்குப் பயிற்சி, அவர்கள் வழியாக மாவட்டத்துக்கு, அங்கிருந்து சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, கண்ணங்குடி, திருப்பத்தூர் என்று வட்டார வள மையங்களுக்கு, கடைசியில் பக்கத்துப் பள்ளிகள் சில சேர்ந்த குறுவள மையத்துக்கு. ஒவ்வொரு படியிலும் கட்டகம், அதாவது பயிற்சிக் கையேடு, பத்திரமாக இறங்குகிறது. கட்டகத்தை எழுதியவர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, ஏன் இந்தச் செயல்பாட்டை வைத்தோம் என்ற காரணம், எந்தப் பிள்ளையிடம் இது வேலை செய்யாது என்ற எச்சரிக்கை ஆகியவை இறங்குவதில்லை. கடைசிப் படிக்கு வருவது திரையில் ஓட்டும் பிபிடியும் வருகைப் பதிவும். பயிற்றுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று நாளில் கேட்டதை ஒரு நாளில் சொல்லச் சொன்னால் யாராக இருந்தாலும் ‘எப்படி’யை வைத்துக்கொண்டு ‘ஏன்’ என்பதைத்தான் வெட்டுவார்கள்.

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரு நல்ல விஷயம் நடந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பார்க்க வைத்ததால், ‘மூன்றாம் வகுப்பு’ என்பது ஒரே மாதிரி முப்பது பிள்ளைகள் இல்லை என்பது எல்லார் வாயிலும் வந்துவிட்டது. ஆனால் நிலை பிரித்த பிறகு, அரும்பிலேயே நிற்கும் ஒரு பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை ஆசிரியர் தலையில்தான் விழுகிறது. பயிற்சிக்குக் கூப்பிட வேண்டியது இதற்குத்தான்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆண்டுக்கு 50 மணி நேரப் பணித்திறன் மேம்பாடு வேண்டும் என்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் மணிக்கணக்கு வைப்பது சுலபம். இணையவழிப் பயிற்சியில் காணொளி ஒரு பக்கம் ஓட, இன்னொரு பக்கம் விடைத்தாள் திருத்தப்படும். வினாடி வினா விடைகள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். சான்றிதழ் அச்சடிக்கப்படும். ஐம்பது மணி நேரமும் கணக்கில் ஏறியிருக்கும், 145 எழுதிய பிள்ளை மட்டும் 145-ஏ எழுதிக்கொண்டிருக்கும்.

இனி செய்முறை. ஒரு குறுவள மையம், ஒரே ஒரு பிரச்சினை, ஆறு வாரம். கழித்தலையே எடுத்துக்கொள்வோம்.

முதல் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒவ்வொரு ஆசிரியரும் தன் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில் அரைத் தாளில் ஐந்து கணக்கு கொடுக்கிறார்: 58−23, 52−27, 340−126, 403−168, 500−236. இந்த வரிசை முக்கியம். முதல் கணக்கில் கடன் இல்லை. இரண்டாவதில் ஒரு முறை கடன். மூன்றாவதில் ஒன்றுகளின் இடத்தில் பூஜ்ஜியம். நான்காவதில் நடுவில் பூஜ்ஜியம். ஐந்தாவதில் இரண்டு பூஜ்ஜியம். எந்தக் கணக்கில் பிள்ளை தடுக்கி விழுகிறதோ, அங்கேதான் அதன் பிரச்சினை தொடங்குகிறது. ஐந்தையும் ஒரே கடினத்தில் கொடுத்தால் ‘கழித்தல் வராது’ என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரு தாளில் ஒரே தப்பு மூன்று கணக்குகளில் திரும்பி வந்தால் அது விதி. ஒரு முறைதான் வந்தது என்றால் இன்னும் இரண்டு கணக்கு கொடுத்துப் பார்க்க வேண்டும்.

தாள்களில் பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் இருக்கக் கூடாது. இதை விட்டுவிட்டால் அன்றைய கூட்டமே போய்விடும். ‘இது எந்த ஸ்கூல் சார்?’ என்ற ஒரு கேள்வி போதும், அடுத்த தடவை எல்லாரும் நன்றாகப் போட்ட பிள்ளையின் தாளைத்தான் கொண்டுவருவார்கள். ஆளுக்குப் பத்துத் தாள் போதும்.

கூட்டம் மூன்று மணி நேரம். நாலு அல்லது ஐந்து பேர் கொண்ட குழுக்கள். முதல் 40 நிமிடம் தாள்களை மேசையில் பரப்பி, தப்பின் வகைப்படி அடுக்குவது. அடுத்த 30 நிமிடம் ஒவ்வொரு அடுக்குக்கும் ‘இந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்?’ என்று ஒரே வாக்கியம் எழுதுவது. 50 நிமிடம் ஒரு அடுக்கை மட்டும் எடுத்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவது. 40 நிமிடம் ஒத்திகை. கடைசி 20 நிமிடம் யார் எந்தத் தேதியில் நடத்துவது, யார் வந்து பார்ப்பது என்று நாள் குறிப்பது. நாள் குறிக்காமல் எழுந்தால் நடக்காது, இதில் விதிவிலக்கு கிடையாது.

அடுக்கும்போது வரும் முதல் ஆபத்து பேச்சு தாளை விட்டு நழுவுவது. ‘வீட்டுல கவனிக்கிறதே இல்ல டீச்சர்’, ‘கீழ் வகுப்புல அடிப்படையே போடல.’ இரண்டும் உண்மையாக இருக்கலாம், ஆனால் அடுத்த வாரப் பாடத்துக்கு இரண்டாலும் உதவியில்லை. தாளில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பேச வேண்டும் என்று நடத்துபவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். அவரும் விடையை முந்திச் சொல்லக் கூடாது. 205 எப்படி வந்தது என்று ஐந்து பேரும் மண்டையை உடைத்துக்கொள்ளும் அந்த ஐந்து நிமிடம்தான் அன்றைய பயிற்சி.

பாடத் திட்டத்துக்குக் காகிதப் பணம் ஏற்றது. நாலு பிள்ளைகள் கொண்ட குழுவுக்கு 5 நூறு, 10 பத்து, 20 ஒன்று. கையில் 403 ரூபாய்: நாலு நூறு, மூன்று ஒன்று. கடைக்காரருக்கு 168 கொடுக்க வேண்டும். ஒரு நூறை மாற்றினால் பத்துப் பத்து. அதில் ஒரு பத்தை மாற்றினால் பத்து ஒன்று. இப்போது 3 நூறு, 9 பத்து, 13 ஒன்று. 145 எழுதிய பிள்ளைக்கும் 335 எழுதிய பிள்ளைக்கும் அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்பது கையில் தெரியும். பாடநூல் இதை இனமாற்றம் என்று சொல்கிறது. பிள்ளைக்குச் சில்லறை மாற்றத் தெரியும், அது போதும்.

இங்கே நிறையப் பேர் கோட்டை விடுவது ஒரு இடத்தில். பிள்ளை பணத்தை வைத்துச் சரியாகச் செய்யும், நோட்டில் மறுபடி பழையபடி 145 எழுதும். பணம் தனி விளையாட்டாகவும் தாள் தனிக் கணக்காகவும் நின்றுவிடுகிறது. அதனால் ஒரு பிள்ளை பணத்தை மாற்ற, பக்கத்துப் பிள்ளை உடனே தாளில் அந்த மாற்றத்தை எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை அடுத்த நோட்டைத் தொடக் கூடாது. இரண்டு கணக்குக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். பணத்தை எப்போது எடுத்துவிடுவது என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். நான்கு நாள் கழித்தும் எடுக்காவிட்டால் அது ஊன்றுகோலாகிவிடும்.

ஒத்திகை என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. சக ஆசிரியர்கள் முன்னால் பாடம் எடுப்பது கூச்சம்தான். ஒரு தந்திரம்: கேட்பவர்களில் ஒருவர் 145 எழுதும் பிள்ளையாகவே விடாப்பிடியாக நடிக்க வேண்டும். ‘ஏன் டீச்சர், நூறு கிட்டயே வாங்கினா என்ன?’ என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் வகுப்பில் முதல் தடவையாகத் தேடுவதைவிட இங்கே தேடிக்கொள்வது நல்லது.

பாடத்தை நடத்திய பிறகு வருவது ‘பார்த்தல்’. ஜப்பானில் பாட ஆய்வு என்று நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் முறையின் நடு எலும்பு இதுதான்: சேர்ந்து திட்டமிட்ட பாடத்தை ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைப் பார்ப்பது. அவர்கள் பார்ப்பது பிள்ளைகளை, ஆசிரியரை இல்லை. நம் பக்கத்தில் இதற்கு ஒரு பெரிய முட்டுக்கட்டை. கல்லல், கண்ணங்குடிப் பக்கம் கிராமங்களில் பல பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகள். ஒருவர் வெளியே போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் கையில்.

மூன்று வழி இருக்கிறது. பள்ளிக்குள்ளேயே மற்ற ஆசிரியர் தன் வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு 20 நிமிடம் வந்து பார்ப்பது ஒன்று. ஒரே ஹாலில் இரண்டு வகுப்பும் நடக்கும் பள்ளியில் இது இன்னும் எளிது. இரண்டாவது, வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கு வரும் நாளில் படிவம் நிரப்புவதற்குப் பதிலாக வகுப்பை எடுத்துக்கொண்டு, ஆசிரியரைப் பக்கத்துப் பள்ளிக்கு ஒரு மணி நேரம் அனுப்புவது. பயிற்றுநருக்கும் வகுப்பில் கை விட்டுப் போகாமல் இருக்கும். மூன்றாவது காரைக்குடிக்கு உள்ள வசதி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-இல் கல்லூரி தொடங்கியதிலிருந்து 1985-இல் பல்கலைக்கழகம் வந்தது வரை அந்த வளாகம் வளர்ந்த ஊர் இது. ஆசிரியர் கல்விக்கும் இங்கே கல்லூரி இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளியில் இருந்தாக வேண்டும். அந்த மாணவ ஆசிரியர்களை ஆறு முதல் எட்டு வரையான உயர்தொடக்க வகுப்புகளில் ஒரு ஆசிரியரின் மேற்பார்வையில் நிறுத்தினால், இன்னொரு ஆசிரியர் பார்க்கப் போகலாம். அவர்களை டெஸ்ட் நோட் திருத்த மட்டும் வைத்துக்கொள்வது பெரிய விரயம்.

பார்க்க வருபவர் கையில் ஒரு வெள்ளைத் தாள் போதும். வகுப்பின் உட்காரும் வரிசையைக் கட்டங்களாக வரைந்து, யார் பதில் சொன்னாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. இருபது நிமிடத்தில் கோடுகள் எங்கே குவிகின்றன, எந்தக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று தெரிந்துவிடும். முன் பெஞ்சில் நாலு பேரும் ஜன்னலோரம் ஒருவரும் மட்டுமே பாடத்தை நடத்திச் சென்றிருப்பது அநேக வகுப்புகளில் தெரியவரும். ‘புரிஞ்சுதா?’ என்றால் ‘புரிஞ்சுது டீச்சர்!’ என்று மொத்த வகுப்பும் ராகம் போடுவதற்குக் கோடு போடக் கூடாது. அது பதில் கணக்கில் வராது.

கூடவே கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று குறிக்கலாம். மேரி பட் ரோவ் 1970-களில் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின, அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணுவதற்கு எந்தக் கட்டகமும் தேவையில்லை. ஆனால் முதல் வாரம் அந்த மௌனம் ஆசிரியருக்கே தாங்காது, அவரே பதிலைச் சொல்லிவிடுவார். அதனால்தான் இன்னொருவர் பக்கத்தில் நின்று குறிப்பது உதவும்.

பார்த்தவர் ‘நல்லா இருந்துச்சு’ என்று சொன்னால் அந்த வருகை வீண். மதிப்பெண் போட்டால் அதைவிட மோசம். கண்ணில் பட்ட மூன்று விஷயம், ஒரு கேள்வி, அவ்வளவுதான். இந்தத் தாள் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போகக் கூடாது. ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்த நிமிடமே ஆசிரியர் ஏற்கெனவே பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த பாடத்தை எடுத்துவிடுவார். படிக்கத் தெரிந்த பிள்ளைகளைப் பொறுக்கி உட்கார வைக்கும் மாதிரி வகுப்பும் இதே வியாதிதான்.

பர்மாவிலும் மலாயாவிலும் செட்டிநாட்டு நகரத்தார் கடை வைத்திருந்த காலத்தில், எடுபிடியான பெட்டியடிப் பையனாகப் போனவர் அடுத்த நிலையில் அடுத்தாளாகி, பிறகு கடையை நடத்தும் மேலாளாக ஆனார். பேரேடு எழுதும் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து, எழுதி, திருத்தம் வாங்கிக் கற்றுக்கொண்ட தொழில் அது. ஆசிரியர் தொழிலில் பக்கத்தில் உட்காரும் ஏற்பாடே இல்லாமல் போனதுதான் கோளாறு. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் 1980-களிலிருந்து சொல்லிவந்ததும் இதையொட்டித்தான்: விளக்கமும் மாதிரிச் செயல்பாடும் ஆசிரியருக்கு அறிவைத் தரும், வகுப்பறையில் பழக்கமாவதற்கு உடனிருந்து கைபிடிக்கும் ஆள் வேண்டும்.

உயர்தொடக்க வகுப்புகளில் பொருள் மாறும், வழி மாறாது. ஏழாம் வகுப்பில் தனிவட்டி வருகிறது. புத்தகத்தில் வட்டி வீதம் ஆண்டுக்கு. வீட்டில் பிள்ளை கேட்பது ‘ரெண்டு வட்டி’, அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். 5,000 ரூபாய்க்கு ஆறு மாதத்துக்கு வீட்டுக் கணக்கில் 600 ரூபாய். அதே ‘2’-ஐ ஆண்டு வீதமாக எடுத்தால் 50 ரூபாய். சூத்திரம் சரியாகப் போட்டும் விடை ‘வீட்டுக்குப் பொருந்தவில்லை’ என்று பிள்ளை குழம்புவது இங்கேதான். கணித ஆசிரியர்கள் ஒரு கூட்டத்தில் இந்த ஒரு குழப்பத்தைப் பிடித்தால், இந்த வட்டாரத்துக்கு அது நல்ல பயிற்சி.

உள்ளூர்ப் பொருளை வைத்துப் பாடம் என்றால் உடனே ஆத்தங்குடிப் பூவேலைத் தரை ஓடு வந்துவிடும். வரட்டும், ஆனால் கணக்கோடு வர வேண்டும். 10 அடிக்கு 12 அடி அறை. 8 அங்குல ஓடு என்றால் 15 வரிசை, வரிசைக்கு 18, மொத்தம் 270. பரப்பை வகுத்தாலும் அதே 270. 10 அங்குல ஓடு என்றால் பரப்பை வகுத்தால் 172.8. உண்மையில் 12 வரிசை, வரிசைக்குப் பதினாலு முழு ஓடும் ஒரு வெட்டு ஓடும். வெட்டியதில் மீந்த துண்டை அடுத்த வரிசைக்குப் பயன்படுத்தலாமா, பூவேலை நடுவில் வெட்டுப்படுமா என்று பேசும்போதுதான் பரப்பளவு என்பது சூத்திரத்தைத் தாண்டுகிறது. இதைத் திட்டமிடாமல் ஆசிரியர்களை ஒரு வேனில் ஆத்தங்குடிக்கு அழைத்துப்போய், கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றுவதைப் பார்த்துவிட்டு வந்தால் அது நல்ல சுற்றுலா. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு இந்த ஓடு பதித்த செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கும் கதவுகள்தான். அவர்கள் வீட்டுத் தரை சிமெண்ட். அவர்கள் தரையையும் அளக்க வைக்க வேண்டும்.

காலம் தப்பினால் நல்ல பயிற்சியும் வீண். இரண்டாம் பருவத்துப் பாடத்துக்கு ஜனவரியில் பயிற்சி வைத்தால் ஆசிரியர் அடுத்த ஆண்டுக்குள் மறந்துவிடுவார். பாடம் தொடங்க இரண்டு வாரம் முன்னால் கூட்டம் நடக்க வேண்டும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பணியில் உள்ள ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகு, பலருடைய மாலைகளும் சனிக்கிழமைகளும் தேர்வுப் படிப்புக்குப் போய்விட்டன. அதைக் கணக்கில் எடுக்காமல் தேதி வைப்பவருக்குக் காலி நாற்காலிதான் மிச்சம். கடைசிப் பஸ்ஸையும் பார்க்க வேண்டும். மூன்றரைக்கு மேல் சொல்வது எதுவும் ஏறாது, எல்லார் கண்ணும் கடிகாரத்தில்.

மூன்றாம் வாரத்தில் அதே ஐந்து கணக்கு, எண்கள் மட்டும் மாறி. நான்காவது இடத்தில் 504−278, விடை 226. நடுப் பூஜ்ஜியம் அப்படியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. ஆறாம் வாரம் இரண்டாம் கூட்டம்: இரண்டு கட்டுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. பயிற்சி முடிந்த அன்றே ‘மிக நன்று’ என்று டிக் அடிக்கும் பின்னூட்டப் படிவம் இதற்கு ஈடாகாது. தாமஸ் கஸ்கி 1986-இல் சொன்னது இங்கே பொருந்தும்: ஆசிரியரின் நம்பிக்கையை முதலில் மாற்றினால் நடைமுறை மாறும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர் ஒன்றைச் செய்து பார்த்து, தன் பிள்ளைகளிடம் பலனைக் கண்ட பிறகே நம்பிக்கை மாறுகிறது. 145 எழுதிய ஏழு பேரில் ஐந்து பேர் சரியாக எழுதினார்கள் என்று கண்ணால் கண்டவருக்கு யாரும் ஊக்க உரை நிகழ்த்த வேண்டியதில்லை. இரண்டு பேர் மிச்சம் என்பதும் அதே தாளில் இருக்கும், அவர்களுக்கு வேறு வழி தேட வேண்டும்.

ஒரு நிர்வாகச் சிக்கலையும் சொல்லிவிடலாம். செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. கானாடுகாத்தான் சிவகங்கையில், பக்கத்திலிருக்கும் கடியாபட்டி புதுக்கோட்டையில். ஒரே மாதிரிப் பிள்ளைகள், ஒரே மாதிரிப் பள்ளிகள், ஆனால் பயிற்சிகள் மாவட்டவாரியாகப் பிரிந்துகிடப்பதால் இந்த ஆசிரியர்கள் ஒரே அறையில் உட்காரும் வாய்ப்பே குறைவு. தாள்களைப் பரிமாறிக்கொள்வதற்கு ஆணை எதுவும் தேவையில்லை. பெயர் இல்லாத முப்பது தாள்களை எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களிடம் கொடுத்து அடுக்கச் சொன்னால், நம் கண்ணில் படாத ஒரு வகை அவர்கள் கண்ணில் படும்.

பணிமாறுதல் கலந்தாய்வு வந்தால் குழு சிதறும், அதைத் தடுக்க முடியாது. அதனால் ஒரு சுற்று முடிந்ததும் ஒரு பக்கம் எழுதிப் பள்ளியில் வைக்க வேண்டும்: கொடுத்த கணக்குகள், வந்த தப்பு வகைகள், பயன்படுத்திய பொருள், எடுத்த நாட்கள், இன்னும் தேறாத பிள்ளைகளின் எண்ணிக்கை. போட்டோ வேண்டாம், அலங்கார அட்டை வேண்டாம். புதிதாக மாறுதலில் வரும் ஆசிரியரிடம் சேர்ந்த அன்றே அந்தப் பக்கத்தைக் கொடுத்தால், அடுத்த சுற்றில் அவர் கழித்தலை விட்டுவிட்டு வகுத்தலை எடுத்துக்கொள்ளலாம்.